வெற்று வீடும் சுருங்கும் வலயமும்: இணையப் போர் விளையாட்டுக்களின் நிலைபேறு குறித்து

கூத்தும் நாட்டார் பாடலும் பல்கலைக்கழக ஆய்வுக்குரிய பொருள்களல்ல என்று கருதப்பட்ட காலம் ஒன்று நம்மிடையே இருந்தது. பின்னர் அதே தடை திரைப்படத்தின்மீது விதிக்கப்பட்டது. மக்கள் திரளாகச் சென்று பார்க்கும் ஒன்றை ஆராய்வது இலக்கிய மாணவனின் தகுதிக்குக் குறைவானது என்று சொல்லப்பட்டது. இத்தடைகள் தகர்ந்தமையில் முற்போக்குத் திறனாய்வாளருக்குப் பெரும் பங்குண்டு. தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக நோக்கிப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளியிட்ட சிறுநூல் இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. இன்று அதே தயக்கம் இணையவழி ஆடப்படும் போர் விளையாட்டுக்கள் விடயத்தில் எழுந்துள்ளது. இவற்றைப் பற்றிப் பேசும் உரிமையை உளவியலாளரிடமும் பொலிசாரிடமும் கோயில் பிரசங்கிகளிடமும் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கியிருக்கின்றோம். ஒரு தலைமுறையின் கற்பனை எங்கு குடியிருக்கின்றது என்பதில் அக்கறையற்ற திறனாய்வு, தான் கற்பிக்கும் நூல்களைப் பற்றியும் பயனுள்ளதாக எதையும் கூற இயலாது என்பது எனது எண்ணம்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதிகளில், உட்துறைமுக வீதியிலும், உவர்மலையின் மதிலோரங்களிலும், குடாவுக்கு அப்பால் கிண்ணியாவிலும் மூதூரிலுமுள்ள கடைத் திண்ணைகளிலும், மாலைப்பொழுதில் நால்வர் ஐவராகக் குந்தியிருந்து கைத்தொலைபேசியில் போர் புரியும் இளைஞரைக் காணாதார் இலர். ஒருவரையொருவர் ஏறிட்டும் பாராத இவர்கள் ஒருவரோடொருவர் ஓயாது பேசிக்கொண்டிருப்பர். பப்ஜி, பிறீ பயர் என்னும் பெயர்கள் இன்று எழுத்தறியாத பாட்டிமாருக்கும் தெரிந்தவை. இவற்றின் முன்னோடியாகிய கவுண்டர் ஸ்ரைக், 1999இல் இரு இளைஞர்கள் வேறோர் ஆட்டத்தைத் திருத்தி ஆக்கிய ஒன்றாகும். அடுத்த ஆண்டிலேயே அதனை அமெரிக்க நிறுவனமொன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிந்திய ஆண்டுகளில் நமது நகரங்களில் முளைத்த கணினிக் கடைகளின் வழி அது இங்கும் வந்து சேர்ந்தது. அதன் புகழ்பெற்ற பாலைவன நகர்க் களமொன்று 2001இல் வரையப்பட்டது. சிற்சில மாற்றங்களுடன் இன்றும் அக்களத்திலேயே உலகெங்கும் ஆடுகின்றனர். ஒரு நாவலை இருமுறை படிப்போர் அரிதாகிவிட்ட காலத்தில், ஒரே சந்தில், ஒரே சுவருக்குப் பின்னால், ஒரே எதிரிக்காக ஆயிரந்தடவை காத்திருப்போரை எது பிடித்து வைத்திருக்கின்றது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

வழக்கமான விடைகள் இரண்டு. முதலாவது, இது ஒரு நோய் என்பது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு என்பதும் இடம்பெற்றமை இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. அளவு மீறி ஆடுவோர் சிலரின் துன்பம் மெய்யானதே. ஆயினும் குடிப்பழக்கம் பற்றிய மருத்துவ நூல் எவ்வாறு கள்ளுக்கொட்டிலின் சமூகவியலை விளக்காதோ, அவ்வாறே நோய்க்குறிப் பட்டியலும் கோடிக்கணக்கானோரின் ஈடுபாட்டை விளக்காது. தடை செய்தல் என்பதும் இச்சிந்தனையின் வழிப்பட்டதே. இந்திய அரசு 2020 செப்டெம்பர் 2ஆந் திகதி 118 செயலிகளுள் ஒன்றாகப் பப்ஜியின் கைத்தொலைபேசி வடிவத்தையும் தடைசெய்தபோது நம்மூர்ப் பெற்றோர் பலர் அதனை வரவேற்றுப் பேசினர். ஆனால் அத்தடைக்குக் கூறப்பட்ட காரணம் பிள்ளைகளின் நலனன்று. நாட்டின் இறைமையும் பாதுகாப்புமாகும். எல்லையில் சீனாவுடன் ஏற்பட்ட மோதலின் பின்விளைவு அது. 2021 சூலையில் தென்கொரிய நிறுவனம் அதே ஆட்டத்தை இந்தியப் பெயர் சூட்டித் திரும்பவும் கொண்டுவந்தது. 2022இல் அதுவும் முடக்கப்பட்டு 2023இல் மீண்டும் திறக்கப்பட்டது. சந்தைக்கும் அரசுக்கும் இடையிலான இக்கொடுக்கல் வாங்கலில் பிள்ளைகள் எங்கும் இல்லை.

இரண்டாவது விடை நமது அணியைச் சேர்ந்தது. ஏகாதிபத்தியம் தனது யுத்தங்களுக்கு ஆள் சேர்க்கவும், அவற்றுக்கு உலக மக்களின் இசைவைப் பெறவும் இவ்விளையாட்டுக்களைப் பரப்புகின்றது என்பது. இதில் உண்மை உண்டு. 1993இல் வெளிவந்த டூம் என்னும் ஆட்டத்தை அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் தமது பயிற்சிக்கென மாற்றியமைத்தனர். 2002 சூலை 4ஆந் திகதி, அமெரிக்க சுதந்திர தினத்தன்றே, அந்நாட்டு இராணுவம் ‘அமெரிக்காவின் படை’ என்ற பொருள்பட்ட பெயருடன் தனது சொந்த ஆட்டத்தை இலவசமாக வெளியிட்டது. அவ்வாட்டத்தின் அமைப்பிலே கூர்ந்து நோக்கற்பாலதொரு தந்திரம் இருந்தது. இரு அணிகளாகப் பிரிந்து மோதும் எல்லோரும், எந்த அணியில் நின்றபோதிலும், தத்தம் திரையில் தம்மை அமெரிக்கப் படைவீரராகவே கண்டனர். எதிரே நிற்பவன் மட்டுமே பகைவனாகத் தோன்றினான். அவனும் தன் திரையில் தன்னை அமெரிக்கனாகவும் நம்மைப் பகைவராகவும் காண்பான். எதிரியின் இடத்தில் ஒரு கணமேனும் நின்று பார்க்கும் வாய்ப்பு எவருக்கும் கிடையாது. சித்தாந்தம் என்பது யாது என்று மாணவருக்கு விளக்க இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

ஆனால் இவ்விடத்தில்தான் நமது விடையும் தடுக்கி விழுகின்றது. இராணுவம் பணங்கொட்டி நடத்திய அவ்வாட்டம் 2022 மே மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. கவுண்டர் ஸ்ரைக்கோ புதிய வடிவத்தில் 2023இல் மறுபடி வெளியாயிற்று. இங்கு பயங்கரவாதிகள், பயங்கரவாத எதிர்ப்பாளர் என்று இரு தரப்புகள் உண்டு. எனினும் ஆட்டத்தின் நடுவே தரப்புகள் மாறுகின்றன. சற்று முன்னர் குண்டு வைத்தவன் இப்பொழுது குண்டைச் செயலிழக்கச் செய்ய ஓடுகின்றான். கொலைக்குப் பரிசுப்பணமும், பணத்துக்குத் துப்பாக்கியும் என்ற சந்தை மட்டும் இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கின்றது. பிரசாரம் மிகுந்த ஆட்டம் மறைய, தரப்புகளை வெற்றுச் சட்டைகளாக்கிய ஆட்டம் நிலைத்தது. ஆகவே பிரசாரம் இவ்விளையாட்டுக்களில் உண்டு என்பது மெய். அதனால்தான் அவை நிலைபெற்றன என்பது மெய்யன்று. மேலும், இன்று நம்மூரில் ஆடப்படுவனவற்றில் பிறீ பயர் வியட்நாமியக் கலையகம் ஒன்று ஆக்கிச் சிங்கப்பூர் நிறுவனம் வெளியிட்டது. பப்ஜி அயர்லாந்தைச் சேர்ந்த ஒருவர் வடிவமைக்க, தென்கொரிய நிறுவனம் ஆக்கி, சீனப் பெருநிறுவனமொன்றின் துணையுடன் கைத்தொலைபேசிக்கு வந்தது. வாஷிங்டனை மட்டும் நோக்கி விரலை நீட்டுவது பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு வழி தேடுவதை ஒக்கும்.

எனவே உள்ளடக்கத்தை விட்டு உருவத்துக்கு வருவோம். பப்ஜியில் நூறு பேர் ஒரு விமானத்திலிருந்து ஒரு தீவின்மீது குதிக்கின்றனர். எவரிடமும் எதுவும் இல்லை. தரையிறங்கியதும் ஆளற்ற வீடுகளுக்குள் புகுந்து ஆயுதமும் மருந்தும் தேட வேண்டும். தீவைச் சூழ்ந்த ஒரு வட்டம் கட்டங் கட்டமாகச் சுருங்கும். வட்டத்துக்கு வெளியே நிற்போர் மாள்வர். கடைசியில் எஞ்சி நிற்கும் ஒருவரோ, ஓர் அணியோ வென்றதாகும். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பிறீ பயரில் ஐம்பது பேர். பத்து நிமிடமளவில் முடிவு. விலை குறைந்த தொலைபேசியிலும் ஓடும். தரவுக்குப் பணம் எண்ணிச் செலவிட வேண்டிய கிண்ணியாவில் இரண்டாவதே கூடுதலாக ஆடப்படுவதற்கு அழகியற் காரணம் தேட வேண்டியதில்லை. (தொலைபேசிக்குப் பணம் போடுவதையும் துப்பாக்கிக்குக் குண்டு போடுவதையும் நமது இளைஞர் ‘ரீலோட்’ என்ற ஒரே சொல்லாலேயே குறிக்கின்றனர். சொற்பிறப்பு ஆய்வாளர் இதனைக் கவனிப்பாராக.)

எல்லோரும் வெறுங்கையுடன் தொடங்குகின்றனர் என்ற விதியின் கவர்ச்சியை வசதி படைத்த வீட்டுப் பிள்ளையைவிட நமது பிள்ளையே ஆழமாக உணர்வான். துறைமுக மாவட்டம் எனப்படும் இம்மாவட்டத்தில் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று உள்ளது. அதன் கரையில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் உள்ளன. கடற்படைத் தளம் உள்ளது. சீனன்குடாவில் மாவாலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் உள்ளன. இவை யாவும் உட்செல்ல அனுமதி பெற வேண்டிய வாயில்களாகவே இளைஞனுக்குத் தென்படுகின்றன. உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளியும், வேலைக்கான சிபாரிசுக் கடிதமும், வளைகுடா நாட்டுக்கான முகவர் கூலியும் அவன் பிறக்கு முன்னரே வரிசையில் அவனுக்குரிய இடத்தைக் குறித்துவிடுகின்றன. முதலாளித்துவம் வாயளவில் வாக்களிக்கும் சமவாய்ப்பு, ஆட்டத்தின் முதல் நிமிடத்தில் மெய்யாகவே கிடைக்கின்றது. அவன் தோற்றால் தன் பிழையால் தோற்கின்றான். வென்றால் தன் திறத்தால் வெல்கின்றான். இது எவ்வளவு தூரம் உணரப்படுகின்றது என்பதற்கு ஒரு சான்று: பிறீ பயரில் பணங்கொடுத்து வாங்கும் சில துப்பாக்கித் தோற்றங்கள் அழகை மட்டுமன்றி வலுவையும் கூட்டுகின்றன. இளைஞர் இதனைப் பெரும் அநீதியாகக் கருதிக் கோபிக்கின்றனர். வெளியுலகில் பணம் வலுவாக மாறுவதைக் கண்டு பழகிச் சலித்தவர்கள், ஆட்டத்தில் அதனை ஏற்க மறுக்கின்றனர். இக்கோபம் பிற்போக்கானதன்று.

ஓய்வுநேரம் என்பது உழைப்பின் நீட்சியே, ஆலையின் தாளமே பொழுதுபோக்கிலும் ஒலிக்கின்றது என்பது அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் பண்பாட்டுக் கைத்தொழில் பற்றி 1940களில் முன்வைத்த கருத்து. தர வரிசையும், பருவத்துக்குப் பருவம் அது குறைக்கப்பட்டு மீண்டும் ஏற வேண்டியிருத்தலும், நாள்தோறும் வந்து கையொப்பமிடுவார்க்குச் சிறு பரிசும் என இவ்விளையாட்டுக்களில் ஆலையின் சாயல் இருக்கவே செய்கின்றது. ஆயினும் அமெரிக்கத் தொழில் நகர்களை நோக்கி எழுதப்பட்ட அக்கருத்து திருகோணமலைக்கு அப்படியே பொருந்துமா? இங்கு ஆடுவோரிற் பலருக்கு நீட்சி பெறுவதற்கான உழைப்பே கிடையாது. மூதூரின் வ. அ. இராசரத்தினம் எழுதிய ‘தோணி’ என்னும் சிறுகதை, உழைக்கும் கருவி தனக்குச் சொந்தமாக வேண்டும் என்ற ஏக்கத்தை மையமாகக் கொண்டது. அவ்வேக்கத்துக்குரிய இளைஞன் இன்று தோணியையும் கனவு காணாதவனாகிவிட்டான். களத்தின் ஒவ்வொரு சந்தையும் மனத்திற் பதித்து, துப்பாக்கியின் எத்தலைக் கட்டைவிரலால் அடக்கி, காலடி ஓசையைக் கொண்டே தூரத்தை மதிப்பிடும் நுண்டிறன் ஒரு கைவினைஞனின் திறனுக்கு ஒப்பானது. அது மாதக்கணக்கிற் பயிலப்படுவது; பயன் உடனே கண்ணுக்குத் தெரிவது; சக மனிதரால் மதிக்கப்படுவது. மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் விளக்கிய அந்நியமாதலின் மறுதலை எதுவோ, அதன் நிழலை இவ்வாட்டம் தருகின்றது. உழைப்பின் நீட்சியாக அன்று, கிடைக்காத உழைப்பின் பதிலியாகவே இது நமது கரையில் நிலைத்திருக்கின்றது. நிழல்தான்; ஆனால் வெயிலில் நிற்பவனிடம் சென்று நிழல் பொய்யென்று சொல்வதில் என்ன பயன்?

இன்னொன்றும் உண்டு. நால்வர் கொண்ட அணி இடைவிடாது பேசுகின்றது. “மச்சான், மேல் மாடியில ஒருத்தன் நிக்கிறான்”, “எனக்கு மருந்து தா”, “விட்டிட்டு ஓடாத, தூக்கி விடு” என்பன போன்ற பேச்சுக்களே ஆட்டத்தின் உயிர். அடிபட்டு வீழ்ந்த தோழனைத் தன் உயிரைப் பணயம் வைத்து எழுப்பும் விதி இதன் உச்சம். யாழ்ப்பாணத்திலும் குருநாகலிலும் தோஹாவிலும் இருப்போர் ஓர் அணியில் இணையவும் கூடும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் இம்மாவட்டத்தில், பாடசாலைகள் மொழியாலும் மதத்தாலும் பிரிந்து கிடக்க, மூவின இளைஞரும் அரைகுறை மொழிகளில் ஒருவரையொருவர் கூவியழைக்கும் இடங்கள் மிகச் சில. மச்சான் என்பது மூவர்க்கும் பொதுவான சொல்லாக ஏலவே இருந்தமை வசதியாயிற்று. இதனை இன ஐக்கியம் என்று கொண்டாடுவது பேதைமை. ஆயினும் நமது கருத்தரங்குகளிற் காணாத ஒன்று அங்கு நிகழ்கின்றது என்பதை மறைப்பது நேர்மையன்று.

இதுவரை கூறியவை ஈர்ப்பின் நியாயங்கள். இனி அதற்காகக் கொடுக்கப்படும் விலை யாது என்பதைக் காண்போம். என்னை உறுத்துவது துப்பாக்கியோ குருதியோ அன்று; வீடு.

பப்ஜியின் முதற்களம் எட்டுக் கிலோமீற்றர் நீளமும் எட்டுக் கிலோமீற்றர் அகலமுங்கொண்ட கற்பனைத் தீவு. சோவியத் படைகள் முன்னர் நிலைகொண்டு விட்டுச்சென்றதாகக் கதை. ஊர்கள் உள்ளன, பாடசாலை உள்ளது, வைத்தியசாலை உள்ளது. ஒரு குடியானவர்கூட இல்லை. கதவுகள் பூட்டப்படவில்லை. அறைக்குள் கிடப்பவற்றை எடுப்பதற்கு ‘லூட்’ என்று பெயர். இந்தியில் கொள்ளையைக் குறித்த அச்சொல் காலனித்துவ காலத்தில் ஆங்கிலத்துக்குப் போய், இப்பொழுது நமது பிள்ளைகளின் வாய்வழி திரும்பி வந்திருக்கின்றது. அவ்வீடுகளில் வாழ்ந்தோர் யார், ஏன் போயினர், திரும்புவரா என்று கேட்க ஆட்டத்தில் வழியில்லை. கேட்பவன் சுடப்பட்டு இறப்பான்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இதே போன்ற வீடுகள் இருந்தன. 2006இல் மாவிலாற்றுடன் மூண்ட போரில் சம்பூரும் அயற்கிராமங்களும் வெறுமையாகின. அவ்வாண்டு செப்டெம்பர் தொடக்கத்தில் சம்பூர் அரச படைகளின் வசமாயிற்று. 2007 மே 30ஆந் திகதி வர்த்தமானி அறிவித்தல் மூலம் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. மக்கள் கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களிலிருந்தனர். 2015இலிருந்தே படிப்படியாகத் திரும்பினர். திரும்பியோரிற் பலருக்குச் சுவரும் இல்லை, கிணறு இருந்த இடத்தின் அடையாளமும் இல்லை. ஆளற்ற வீடு என்பது எவ்வாறு உண்டாகின்றது என்பதை இக்கரையின் முதியோர் அறிவர். 2009இன் பின் பிறந்த பேரன், ஆளற்ற வீட்டை இயற்கையின் ஒரு கூறாக, காடும் குன்றும் போலக் காண்கின்றான். வரலாறு இயற்கையாக உருமாற்றப்படுவதே சித்தாந்தத்தின் தொழில் என்றால், இங்கு அது எவர் திட்டமுமின்றியே நிறைவேறுகின்றது.

வட்டம் பற்றியும் கூறவேண்டும். உள்ளே நிற்கத்தக்க பகுதி ஆட்டத்தில் பாதுகாப்பான வலயம் எனப்படுகின்றது. அது சுருங்கச் சுருங்க எல்லோரும் மேலும் மேலும் சிறிய நிலத்துண்டுக்குள் நெருக்கப்படுவர். இவ்வுத்தியின் மூலம் கொசுன் தகாமி என்ற யப்பானிய எழுத்தாளர் 1999இல் வெளியிட்ட நாவலும், அடுத்த ஆண்டில் வந்த அதன் திரைவடிவமுமாகும். அதில் பள்ளி மாணவரை ஒருவரையொருவர் கொல்லச் செய்வது ஒரு கொடுங்கோல் அரசு. நாவலில் அரசுக்கெதிரான கண்டனமாக இருந்த வலயம், விளையாட்டில் அரசு நீங்கிப்போகவே வெறும் விதியாயிற்று. வன்னியில் 2009 சனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் மூன்று முறை யுத்த சூனிய வலயங்கள் அறிவிக்கப்பட்டன. பின்னது முன்னதினும் சிறிது. இவ்விரண்டுக்கும் இடையே காரண காரியத் தொடர்பு எதுவும் கிடையாது. அவ்வாறு காட்ட முனைவது மலிவான வேலை. எனினும் வலயம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தலைமுறைக்கு நெஞ்சு அடைப்பதும், அடுத்த தலைமுறைக்குக் கட்டைவிரல் துடிப்பதும் ஒரே வீட்டின் இரு அறைகளில் நிகழ்கின்றன. இதனைப் பற்றி எழுதாத ஈழத்துச் சிறுகதையாசிரியர் எதனைப் பற்றி எழுதுகின்றனர் என்று அவ்வப்போது வியப்பதுண்டு.

கொல்லப்பட்டவனுக்கு யாது நேர்கின்றது? பப்ஜியில் அவன் உடல் மறைந்து அவ்விடத்தில் ஒரு பெட்டி தோன்றுகின்றது. அதனுள் அவன் வைத்திருந்த குண்டுகளும் கவசமும் பண்டங்களின் பட்டியலாகக் கிடக்கும். மனித உறவு பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோற்றங்கொள்கின்றது என்று மூலதனத்தின் முதலாவது அத்தியாயம் கூறுவதை இவ்வளவு பச்சையாகக் காட்சிப்படுத்திய கலைவடிவம் வேறுண்டோ அறியேன்.

இவ்விடத்தில் நமது பழைய போர்ப்பாடல் மரபை ஒப்புநோக்குதல் பயன்தரும். தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய க. கைலாசபதியின் 1968ஆம் ஆண்டு ஆங்கில நூல், புறப்பாடல்களைப் பாணரின் வாய்மொழி மரபிலும் அதன் சமூகச் சூழலிலும் வைத்து விளக்கிற்று. கொலையைப் போற்றுவதில் அப்பாடல்கள் எவ்வித கூச்சமும் காட்டவில்லை. ஆதலால் போர் விளையாட்டின் வன்முறையைக் கண்டு அதிர்ச்சியுறும் தமிழாசிரியர் தமது பாடத்திட்டத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று. பொருளைக் கவர்தலும், அரணை வளைத்தலும், காத்தலும், களத்தில் எதிர்நின்று பொருதலும், வென்று ஆர்ப்பரித்தலும் என வெட்சி முதல் வாகை வரையுள்ள செயல்கள் யாவற்றுக்கும் இவ்வாட்டங்களில் நேர்வடிவம் உண்டு. இல்லாதது காஞ்சி. தொல்காப்பியர் புறத்திணைகளுள் ஒன்றாக நிலையாமையைப் பொருளாகக் கொண்ட காஞ்சியை வைத்தார். கணவனை இழந்தாளின் நிலையும், சுற்றத்தாரின் புலம்பலும், புண்பட்டுக் கிடப்பவனின் இரவும் அதன் துறைகளிற் சேரும். வீரயுகம் தன் வீரத்தைப் பாடிய அதே மூச்சில் அதன் விலையையும் பாடிற்று. கலிங்கத்துப்பரணியிற்கூடப் பிணங்கள் மறைவதில்லை. பேய்கள் அவற்றில் கூழ் அட்டு உண்கின்றன. களம் களமாகவே கிடக்கின்றது. விழுந்தவனுக்கு நடுகல் உண்டு, அதில் பெயரும் பீடும் உண்டு. இணைய ஆட்டத்தில் விழுந்தவன் அடுத்த நிமிடம் வேறொரு விமானத்தில் ஏறிவிடுகின்றான். மரணம் ஓர் இடைவேளை. ஈர்ப்பின் ஒரு பெரும் பகுதி இங்குத்தான் உள்ளது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். போர் நடந்த மண்ணில் அஞ்சாமல் சாகக் கிடைக்கும் வாய்ப்பு சிறிய ஆறுதலன்று.

வன்முறையை மென்மையாக்கினால் குறை தீரும் என்போருக்குச் சீனாவின் அனுபவம் பாடமாகும். 2019 மே மாதத்தில் அங்கு பப்ஜி நீக்கப்பட்டு, அமைதியின் பெயரைச் சூடிய ஆட்டமொன்று அதே உருவில் வந்தது. அதில் சுடப்பட்டவன் குருதி சிந்துவதில்லை. முழந்தாளிட்டுக் கையசைத்து விடைபெற்று, தன் பெட்டியைத் தந்துவிட்டு மறைகின்றான். 2023இல் ஹங்சௌ ஆசிய விளையாட்டு விழாவில் பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்ட வடிவத்தில் வீரர் ஒருவரையொருவர் சுடவே இல்லை, இலக்குகளைச் சுட்டனர். குருதி போயிற்று, கொலையும் போயிற்று. ஆளற்ற வீடு மட்டும் போகவில்லை. காஞ்சியும் வரவில்லை. கொல்லப்படுபவன் புன்னகையுடன் கையசைப்பது குருதியைவிட அச்சந்தரும் காட்சியென்றே எனக்குத் தோன்றுகின்றது.

மாற்று முயற்சிகள் இல்லாமல் இல்லை. போலந்து நாட்டுக் கலையகம் ஒன்று 2014இல் வெளியிட்ட ‘இந்த எனது யுத்தம்’ என்னும் ஆட்டம், சரயேவோ முற்றுகையை மனத்திற் கொண்டு, முற்றுகையிடப்பட்ட நகரில் உணவும் விறகும் தேடும் குடிமக்களின் நிலையில் ஆடுபவரை நிறுத்திற்று. அங்கும் பிறர் வீட்டுக்குள் புகுந்து பொருளெடுக்க வேண்டும். ஆனால் அவ்வீட்டில் ஒரு முதிய தம்பதியர் இருக்கலாம்; அவர்களது மருந்தை எடுத்தால் அது எடுத்தவனைப் பின்தொடரும். 2020இல் போலந்து அரசு அதனைப் பாடசாலை வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. 2017இல் செக் நாட்டு நிறுவனமொன்று செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவுடன் இணைந்து, தனது போர் ஆட்டத்துக்கு யுத்த விதிகள் பற்றிய ஒரு பிற்சேர்க்கையை வெளியிட்டது. அதில் கண்ணிவெடி அகற்றும் ஒருவர் பாழ்பட்ட கிராமத்தின் ஊடாக நடக்கின்றார். ஒவ்வோர் இடிபாடும் யாரால், எப்போது, எதற்காக என்று விசாரிக்கப்படுகின்றது. பப்ஜியின் வெற்று வீட்டுக்கு நேர் மறுதலையாக, ஒரு வீட்டின் வரலாறே அங்கு ஆட்டத்தின் பொருளாகின்றது. சம்பூரின் மீள்குடியேற்றத்தை அறிந்த எவரும் அதனை எளிதாக விட்டுவிட முடியாது.

ஆயின் இவ்விரண்டும் தனியொருவர் ஆடுவன. ஒருமுறை ஆடியபின் திரும்ப ஆடுவோர் சிலரே. நான் மேலே நியாயங்கள் என்று கூறியவற்றுள் சமமான தொடக்கமும், பயின்று பெறும் கைத்திறனும், யாவற்றுக்கும் மேலாக நால்வரின் ஓயாப் பேச்சும் இவற்றில் இல்லை. இலக்கிய மாணவர் இதனை உருவம் பற்றிய பிரச்சினையாக எடுத்துக்கொள்ளல் வேண்டும். பிறீ பயரை நிந்திக்கும் தீர்மானங்களை நிறைவேற்றுவதைவிட அது கடினமான வேலை. பாணர் பலர் கூடியிருந்த அவையில் பாடினர். காஞ்சியும் அந்த அவையிலேயே பாடப்பட்டது. தனியே அழுவதற்கான பாட்டன்று அது. அணியாகக் கூடுவதும், வீழ்ந்தவனைத் தூக்கி விடுவதும், வீட்டுக்கு உரியவர் ஒருவர் இருப்பதும் ஒருங்கே அமைந்த ஆட்டம், நமது இளைஞரிடையே பரவலாக ஆடப்படுவனவற்றுள் இதுவரை காணப்படவில்லை.